தோட்டத் தொழிலாளரின் ஈறு சொன்ன செய்தி

ஈறு நோயில் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் உடம்பின் சொந்த எதிர்ப்பாற்றலே. பல்லில் படியும் பாக்டீரியாப் படலம் நோயைத் தொடக்கிவைக்கிறது. சேதம் எவ்வளவு என்பது அதை உடம்பு எதிர்கொள்ளும் விதத்தைப் பொறுத்தது. இது தெளிவாவதற்கு நார்வே நாட்டுப் பல் மருத்துவர் ஹரால்ட் லோவின் (1926–2008) ஆய்வுகள் பெரிதும் உதவின. அவற்றில் முக்கியமான ஒன்று இலங்கையின் மலையகத் தமிழர்களிடம் நடந்தது.

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார் லோ. மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் குணமாகிவிட்டது. படலமே ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்பது உறுதியானது. ஆனால் அந்த வீக்கம் எல்லோருக்கும் எலும்பு வரை இறங்குமா?

இதற்கு விடை தேடி 1970-இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பிரஷ்ஷும் பல் மருத்துவமும் எட்டாத லயன் எனும் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள். பதினைந்து ஆண்டுகள் ஆய்வு நீண்டது.

1986-இல் முடிவு வெளியானது. ஏறக்குறைய எல்லோர் பல்லிலும் படலமும் அது இறுகிய காரையும் அப்பியிருந்தன. எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவி, 35 வயதுக்குள் பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. 81 சதவீதம் பேருக்கு மிதமான சேதம். மீதி 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறோடு நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரே வாழ்க்கை, ஒரே அழுக்கு. விளைவு மட்டும் வேறுவேறு. ஏழைத் தொழிலாளர்களின் நோய் சிகிச்சையின்றி வளர்வதை இத்தனை ஆண்டுகள் குறித்துக்கொண்டே வந்த ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதிக்காது. பாடநூல்கள் இந்தச் சதவீதங்களைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

ஆளுக்கு ஆள் சேதம் மாறுவதற்கு நோய் எதிர்ப்பியல் விளக்கம் தருகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் முதலில் வந்து நிற்பவை நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்கள். இவை பிறவியிலேயே குறைவாகவோ பழுதாகவோ இருந்தால் சிறு வயதிலேயே பல் விழக்கூடும். ஆக, காவல் இல்லாமலும் முடியாது. படலம் நீங்காமல் கிடந்தால் டி, பி வகை வெள்ளையணுக்களும் ஈறில் வந்து குவிகின்றன. இன்டர்லூக்கின்-1 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் பெருகுகின்றன. ரேங்க்-எல் என்ற புரதம் எலும்பைத் தின்னும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. எதிரி நீங்காததால் அடங்காமல் நீளும் இந்த எதிர்ப்பே எலும்பைக் குடைகிறது.

சர்க்கரை நோய் இந்தத் தூண்டலைக் கூட்டுகிறது. அதனால் ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது சிக்கல் என்று 1993-இல் லோ எழுதினார். ஈறு மோசமானால் சர்க்கரையும் கட்டுக்குள் வருவது கடினமாகிறது. ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு ஓரளவு இறங்குகிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே கசியும் என்பதால் நோய் வெளியே தெரியாமல் முற்றுகிறது.

கோவையின் சிங்காநல்லூர், பீளமேடு பக்கத்து மில் தொழிலாளர் குடும்பங்கள் உட்பட எங்கும் ஓர் அச்சம் உண்டு: பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும். உண்மையில் எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரைதான் பிடித்துவைத்திருக்கும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் தெரிகிறது. வீக்கம் வற்றுவதால் பல்லிடையே சந்தும் தெரிகிறது.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் ஐந்தாண்டு பி.டி.எஸ். படித்து, ஈறு நோயியலில் மூன்றாண்டு எம்.டி.எஸ். முடிப்பது வழக்கமான பாதை. விரும்பினால் பிறகு பிஎச்.டி. ஆய்வின் முதல் வேலை எளியதுதான்: ஈறின் இடுக்கில் மெல்லிய காகிதப் பட்டையை அரை நிமிடம் வைத்து, ஊறும் நீரை ஒற்றியெடுத்து, அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்களை எலிசா என்ற ஆய்வக முறையில் அளப்பது.