வெள்ளக் காலத்தில் வள்ளத்தை இழுவைப்பெட்டியிற் கட்டிச் செல்லும் முறை

நுகேகொடைக்குத் தெற்கே பொரலஸ்கமுவை, பிலியந்தலை முதலிய இடங்களில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் வெள்ளத்தை நன்கறிவர். அப்பகுதித் தாழ்நிலங்களின் நீர் வெரஸ் கங்கை வழியே பொல்கொடை ஏரியைச் சேர்கின்றது. தென்மேல் பருவமழை கடுமையாகும்போது வயலும் வழியும் ஒருங்கே மூழ்கிவிடுதல் உண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, கடுவெலை முதலிய பகுதிகளை மூடியபொழுது, மக்களை மீட்க வள்ளங்கள் பெரிதும் உதவின.

ஏரியிலுள்ள வள்ளம் வெள்ளம் சூழ்ந்த கிராமத்துக்கு வீதி வழியாகவே வரவேண்டும். அவ்வேளையில் உங்கள் உழவு இயந்திரமும் இழுவைப்பெட்டியும் தேவைப்படலாம். ஒருமுறை, ஒற்றை நைலோன் கயிற்றாற் கட்டப்பட்ட கண்ணாடியிழை வள்ளமொன்று மழையில் வீதி வளைவொன்றிற் சரிந்து விழுந்ததைக் கண்டேன். எவருக்கும் காயமில்லை. ஆயினும் அடி வெடித்த அவ்வள்ளத்தை அன்றிரவு நீரில் இறக்க இயலவில்லை. கட்டியவர் கவனமற்றவர் அல்லர். நைலோன் நனைந்தால் நெகிழும் என்பதை அறியாதவர்.

வள்ளம் ஏன் நழுவுகின்றது?

வண்டியை நிறுத்தும்போது வள்ளம் முன்னோக்கிச் செல்ல முயலும், புறப்படும்போது பின்தங்கும், வளைவில் வெளிப்புறமாகத் தள்ளப்படும், பள்ளத்தில் மேலெழும். ஆகவே ஒரு திசையில் மட்டும் கட்டுதல் போதாது. முன், பின், இருபக்கம், மேல் ஆகிய எல்லாத் திசைகளிலும் அதனைத் தடுத்தல் வேண்டும்.

ஏற்றும் முறை

முதலில் வள்ளத்தின் அடியிலுள்ள அடைப்பைக் கழற்றி நீரை முற்றாக வடியவிடுக. 4 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமுமுள்ள தளத்தில் 10 சென்ரிமீற்றர் நீர் நின்றால், அதன் பாரம் மட்டும் 400 கிலோகிராம் ஆகும். அந்நீர் அங்குமிங்கும் அலைந்து வண்டியையும் ஆட்டும். வெளியிணைப்பு இயந்திரம், எரிபொருட் கலன், துடுப்பு ஆகியவற்றை இறக்கி வேறாகக் கட்டுக.

இழுவைப்பெட்டியின் பின்கதவைக் கழற்றி, வைக்கோல் நிரப்பிய சாக்குகளைப் பரப்பி, அணியம் முன்னோக்கியிருக்க வள்ளத்தை நடுவே வைக்க. மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ 10இல் ஒரு பங்கு உழவு இயந்திரத்தின் கொளுவியில் அமர்தல் நன்று. பின்பாரம் மிகுந்தால் பெட்டி பாம்புபோல் நெளிந்தோடும். உழவு இயந்திரத்தின் பின்சில்லுகளும் பிடிப்பை இழக்கும். வண்டி திரும்பும்போது அணியம் சாரதி மீதோ சில்லின் மீதோ முட்டாதவாறு இடைவெளி விடுக.

கட்டும் முறை

அணியத்திலுள்ள வளையத்திலிருந்து பெட்டியின் முன்சட்டத்துக்கு ஒரு கயிறும், அது அறுந்தாற் காக்க ஒரு சங்கிலியும் இடுக. பின்முனையின் இரு மூலைகளிலிருந்தும் இரு கயிறுகளைப் பெட்டியின் பக்கச் சட்டங்களுக்குக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுக. நடுப்பகுதியின் மேலாக ஒரு பட்டையை இட்டு இறுக்குக. பொலியெஸ்ரர்ப் பட்டை நைலோனை விட மிகக் குறைவாகவே நீளும். ஆதலால் அதுவே சிறந்தது.

பட்டை இல்லாதவிடத்துக் கயிற்றின் நடுவில் ஒரு வளையமிட்டு, நுனியைச் சட்டத்திற் சுற்றி, அவ்வளையத்தினூடாக மீண்டும் இழுத்து முடிச்சிடுக. இதனாற் சிறு பலத்துடனேயே நன்கு இறுக்கலாம். கூரிய விளிம்பிற் கயிறு உராயுமிடத்திற் சாக்குத் துண்டை வைக்க.

வழியிற் கவனிக்க வேண்டியவை

புறப்பட்டு 2 கிலோமீற்றர் சென்றதும் நிறுத்திக் கட்டுகளைச் சோதிக்க. மழை பெய்தால் அடிக்கடி சோதிக்க. பின்னால் நீண்டிருக்கும் பகுதியிற் பகலிற் சிவப்புத் துணியும் இரவிற் சிவப்பு விளக்கும் கட்டுக. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலால் மெதுவாகவே செல்க. வள்ளத்தினுள் எவரையும், சிறப்பாகச் சிறுவரை, ஏற்றற்க. இறக்கும்முன் சில்லுகளுக்குக் கட்டை வைக்க. கழற்றிய அடைப்பை மீண்டும் பூட்டிய பின்னரே வள்ளத்தை நீரில் விடுக.

நீரிறைக்கும் இயந்திரத்தையும் மரக்கறிப் பெட்டிகளையும் ஏற்றும்போதும் எல்லாத் திசைகளிலும் தடுத்துக் கட்டுதலே விதியாகும். கயிறுகளையும் பட்டைகளையும் மழைக்கு முன்னரே சோதித்து, நைந்தவற்றை நீக்கி, உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்க. வெள்ளம் வந்தபின் கயிறு தேடுவோர் காலத்தை இழப்பர்.