மண் மூடிய துறைமுகம்

பழம்பெரும் நகரங்கள் இரு வகைப்படும். சில நகரங்களில் பழமை கண்முன்னே நிமிர்ந்து நிற்கும். சிலவற்றில் அது மண்ணுக்குள் மறைந்து கிடக்கும். முன்னதைக் காணக் கண்கள் போதும். பின்னதைக் காண வரலாற்றறிவும் வேண்டும்.

ஜெர்மனி நாட்டின் லூபெக் நகரம் முதல் வகையைச் சேர்ந்தது. திராவே ஆற்றின் கரையில், கடலினின்று சற்று உள்ளே அமைந்த அந்நகரம், இடைக்காலத்தில் ‘ஹன்சா’ என்னும் வணிக நகரங்களின் கூட்டணிக்குத் தலைமை தாங்கியது. குளிர்காலத்தில் அங்குச் செல்வோர், 15ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை வாயிலையும், செங்கல்லால் கட்டிய மரியன்னை ஆலயத்தையும் கண்டு மகிழ்வர். 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த குண்டுவீச்சில் நகரின் ஒரு பகுதி எரிந்து அழிந்தது. மக்கள் மனந்தளராது பழைய கட்டடங்கள் பலவற்றை மீண்டும் எழுப்பினர். 1987இல் அது உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது.

தமிழகத்திலும் ஆற்றின் முகத்தில் அமைந்து, கடல் வாணிகத்தால் உயர்ந்த நகரம் ஒன்று இருந்தது. அதுவே காயல். அதைக் காண ஏற்ற பருவம் மழை ஓய்ந்த மார்கழி இறுதியும் தை மாதமும் ஆகும். அங்கே பனிக்கட்டி உறைவதில்லை. ஆயினும் வைகறையில் வாடைக்காற்று வீசும். பனைகளின் மீது மென்பனி படர்ந்திருக்கும். மழையால் உப்பளங்களில் வேலை ஓய்ந்திருக்கும்.

தூத்துக்குடியினின்று திருச்செந்தூருக்குச் செல்லும் சாலையில் முதலில் பழையகாயல் என்னும் ஊர் வரும். பின்னர்த் தாமிரபரணியைக் கடந்து ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகக் காயல்பட்டினத்தை அடையலாம். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஆறு கடலிற் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் உள்ளது. மூன்று ஊர்ப் பெயர்களிலும் ‘காயல்’ என்னும் சொல் நிற்பதைக் காண்க. கடலையொட்டித் தேங்கிய நீர்ப்பரப்பையே அச்சொல் குறிக்கும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதினார். அதனைப் பெரிய, சிறந்த நகரம் என அவர் புகழ்கின்றார். ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற பண்டங்களையும் ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்தன என்கின்றார். அக்காலத்தில் முதலாம் மாறவர்மன் குலசேகரன் பாண்டிய நாட்டை ஆண்டான். ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் தென்னாட்டுக்கு வந்தன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிக்கின்றார். இத்துணைக் குதிரைகள் ஏன் தேவைப்பட்டன? அவற்றை முறையாகப் பேண அறிந்தோர் இங்கு இல்லாமையால் அவை விரைவில் மடிந்தன என்று மார்க்கோ போலோ காரணம் கூறுகின்றார். குதிரைக்கு ஈடாகப் பெரும்பொருள் வெளிநாடு சென்றது. மன்னார் வளைகுடாவின் முத்தோ உலகெங்கும் புகழ்பெற்றது. அம்முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

இவ்வளவு சிறந்த துறைமுகம் எவ்வாறு மறைந்தது? பகைவர் படை அதனை மறைக்கவில்லை. அதனை வளர்த்த ஆறே மறைத்தது. மழைக்காலந்தோறும் தாமிரபரணி மேட்டு நிலத்து மண்ணை வாரிக்கொண்டு வந்து கழிமுகத்தில் படிய வைத்தது. நிலம் வளர்ந்தது, கடல் விலகியது. சங்ககாலத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலினின்று பல கிலோமீட்டர் உள்ளே வயல்களின் நடுவே கிடக்கின்றது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. காயலும் தூர்ந்தபின் வாணிகம் புன்னைக்காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் சென்றது.

கால்டுவெல் இப்பகுதியை ஆராய்ந்து, 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் தம் முடிவுகளைக் கூறினார். பழையகாயலைச் சூழ்ந்த நிலத்தில் உடைந்த ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் பரந்து கிடந்ததை அவர் கண்டார். மார்க்கோ போலோவின் காயல் அதுவே என்பது அவர் கொள்கை. காயல்பட்டினமே அந்நகரம் எனக் கருதும் அறிஞரும் உளர்.

காயல்பட்டினத்தில் பழமை இன்றும் வாழ்கின்றது. அங்குள்ள பழைய பள்ளிவாசல்களின் கற்றூண்கள் தமிழகச் சிற்பியரின் கைவண்ணத்தைக் காட்டுகின்றன. அரபு நாட்டு வணிகம் கொணர்ந்த சமயமும் தமிழ்நாட்டுக் கட்டடக்கலையும் அங்கே ஒன்றுபட்டு நிற்கின்றன. நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இவ்வூரினர். புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்த போர்ச்சுகீசியத் துறவி என்றிக்கே என்றிக்கசு தமிழ் கற்று, ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை 1578இல் கொல்லத்தில் அச்சேற்றினார்.

ஆற்றின் தொழில் இன்னும் ஓயவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையினும் இது மிகுதி. ஊர்கள் நீரில் மூழ்கின, சாலைகள் துண்டிக்கப்பட்டன, மக்கள் பெருந்துன்பம் உற்றனர். ஒரு காலத்தில் துறைமுகத்தைத் தூர்த்த வெள்ளம் எத்தகையது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

லூபெக் நகரின் பழமையை அதன் மக்கள் காத்தனர். காயலின் துறைமுகத்தை மீட்டல் எவராலும் இயலாது. ஆற்றின் போக்கை மீறுவார் யார்? ஆயினும் மண்ணில் கிடக்கும் ஓட்டுத்துண்டைக் காத்தல் எளியோர்க்கும் இயலும். நகரைக் காணச் செல்வோர் அத்துண்டை நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றால், அது கிடந்த இடமும் அது கூறும் செய்தியும் ஒருங்கே அழியும். அகழ்ந்தெடுக்கும் அறிஞருக்கு அது கிடக்கும் இடமே சான்றாகும். ஆதலின் கண்டதை எழுதிவைத்து, பொருளை அதன் இடத்திலேயே விட்டு வருதல் வேண்டும். மதிலும் கோபுரமும் இல்லாத நகரத்திற்கு அவ்வோட்டுத்துண்டே வரலாறு.