நடந்து போகிறவருக்கும் சாலையில் பங்கு உண்டு!

இந்தப் பக்கம் ஜவுளிக்கடை. எதிர்ப்பக்கம் பாத்திரக்கடை. நடுவே சாலை.

ஜவுளி வாங்கியாயிற்று. அடுத்து பாத்திரம் வாங்க வேண்டும். ஒரு கையில் பை. மறு கையில் குழந்தை. பஸ் போகிறது. கார் போகிறது. ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் போகின்றன. ஒன்று போனால் அடுத்தது வருகிறது. எப்போது எதிர்ப்பக்கம் போய்ச் சேருவது?

"நடந்து போகிறவர்கள் கடக்க இங்கே ஒரு வழி செய்யுங்கள்" என்று சிலர் கேட்கிறார்கள்.

"வழி செய்தால் வண்டிகள் தேங்கும். வண்டிகள் தேங்கினால் வியாபாரம் படுத்துவிடும்" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள்.

கடைத்தெரு உள்ள எந்த ஊரிலும் இந்த வாக்குவாதம் எழும். தமிழ்நாட்டில் இது பெரிதாக நடந்த இடம் சென்னை தியாகராய நகர். அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் மற்ற ஊர்களுக்கும் பயன் உண்டு.

ஏரி கடைத்தெரு ஆனது

தியாகராய நகர் இருக்கும் இடத்தில் முன்பு ஏரி இருந்தது. 1920-களில் ஏரியைத் தூர்த்து, தெருக்களை அமைத்து, புதிய நகரை உண்டாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

குடியிருப்பதற்காக அமைத்த இடம் அது. நாளடைவில் கடைகள் பெருகின. உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் ஆகிய மூன்றும் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த பெயர்கள் ஆகிவிட்டன. கல்யாணப் பட்டு, தாலித் தங்கம், சீர்வரிசைப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் வெளியூர்களிலிருந்து ரயில் ஏறி வருகிறார்கள்.

ராமநாதபுரத்துக்கும் இதில் உறவு உண்டு!

பாண்டி பஜார் என்று நாம் சொல்லும் இடத்தின் முழுப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் நினைவாக வந்த பெயர் அது.

அவர் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவர். சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவர். 1920-களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தார்.

அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களைப் பஸ்ஸில் ஏற்ற மறுப்பது வழக்கமாக இருந்தது. காசு கொடுத்தாலும் இடம் இல்லை! சௌந்தரபாண்டியனார் அதைத் தடுத்தார். "ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து" என்று உத்தரவு போட்டார். பஸ் முதலாளிகள் பணிந்தார்கள்.

சாலை எல்லோருக்கும் பொது என்று நிலைநாட்டியவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய கடைத்தெருவில்தான் பிற்காலத்தில் "சாலை யாருக்கு?" என்ற கேள்வி மறுபடியும் எழுந்தது.

நான்கு பேர், நான்கு நியாயம்

பாண்டி பஜாரில் நடக்க இடம் இல்லை என்பது நெடுநாள் குறை. நடைபாதை குறுகல். அதிலும் கடைகள். சாலை ஓரம் முழுவதும் நிறுத்தி வைத்த வண்டிகள். ஆகவே ஜனங்கள் ஓடும் வண்டிகளுக்கு நடுவே நடந்தார்கள்.

இதை மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்ததும் நான்கு தரப்பார் பேசினார்கள்.

நடப்பவர்கள் சொன்னது: "பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறோம். கடைக்குள் நுழைவது எங்கள் கால்கள்தான். எங்களுக்கு இடம் கொடுங்கள்."

கடைக்காரர்கள் சொன்னது: "காரில் வருகிறவர் கடை வாசலில் வண்டியை நிறுத்த முடியவில்லை என்றால் வேறு கடைக்குப் போய்விடுவார். வாடகையும் சம்பளமும் நாங்கள் எப்படிக் கொடுப்பது?"

நடைபாதை வியாபாரிகள் சொன்னது: "வளையலும் ஹேர்பின்னும் விற்றுப் பிழைக்கிறோம். ஜனங்கள் நடக்கும் இடத்தில்தான் எங்களுக்கு வியாபாரம். எங்களை அப்புறப்படுத்தினால் சோறு ஏது?"

வண்டி ஓட்டுகிறவர்கள் சொன்னது: "சாலையைக் குறுக்கினால் நெரிசல் அதிகமாகும். அவசரத்துக்குப் போக வேண்டியவர் என்ன செய்வார்?"

நான்கு தரப்பிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் வழக்கு சுலபத்தில் தீரவில்லை.

மாற்றம் வந்தது

முதலில் நடைபாதை வியாபாரிகள் விஷயம் முடிவுக்கு வந்தது. விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று. 2013-ல் அவர்களுக்குத் தனி வணிக வளாகம் கட்டித் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான வியாபாரிகள் அதற்குள் போனார்கள். மறு ஆண்டே, 2014-ல், தெரு வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க மத்திய அரசின் சட்டமும் வந்தது.

பிறகு சாலையின் முறை வந்தது. கட்டுவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்தார்கள். வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலையை ஜனங்களிடம் விட்டார்கள். குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து நடந்தன.

2019-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைத் திறந்து வைத்தார். செலவு ஏறக்குறைய 40 கோடி ரூபாய். சாலையின் இரு புறமும் அகன்ற நடைபாதை, உட்காருவதற்குப் பெஞ்சுகள், விளக்குகள் எல்லாம் வந்தன.

"வண்டியை எங்கே நிறுத்துவது?" என்ற கடைக்காரர்களின் கேள்விக்கும் பதில் கொடுத்தார்கள். அதே சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டினார்கள். 200-க்கு மேற்பட்ட கார்களுக்கும் 500-க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்கும் அதில் இடம் உண்டு.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை! நடைபாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றுகிறார்கள், மறுபடியும் கடை போடுகிறார்கள் என்ற புகார்கள் அதற்குப் பிறகும் வந்தன. கல்லைப் பதிப்பது சில மாத வேலை. வழக்கத்தை மாற்றுவது நீண்ட நாள் வேலை.

ஆகாயத்தில் ஒரு பாதை

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களின் பாடு வேறு. ரங்கநாதன் தெருவின் கூட்டத்துக்குள் புகுந்து, நசுங்கி வெளியே வர வேண்டும்.

2023-ம் ஆண்டு மே 16-ந் தேதி அப்போது முதல்-அமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அங்கே ஆகாய நடைபாதையைத் திறந்து வைத்தார். ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் அது இணைக்கிறது. நீளம் 570 மீட்டர். அகலம் 4.2 மீட்டர். செலவு 28 கோடியே 45 லட்சம் ரூபாய். லிப்டும் நகரும் படிகளும் உண்டு.

இது நல்ல வசதிதான். ஆனால் எல்லாக் கடைத்தெருவிலும் பாலம் கட்ட முடியுமா? எதிர்க்கடைக்குப் போக வேண்டிய பாட்டி, படி ஏறி இறங்குவாளா? லிப்டு இல்லாத பாலத்தை முழங்கால் வலிக்காரர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பழையபடி சாலைக்குள்தான் இறங்குவார்கள்.

ஆகவே தரையிலேயே கடக்கும் வழி வேண்டும். அதற்குத்தான் வெள்ளைக் கோடுகள்.

வரிக்குதிரை வந்த கதை

சாலையின் குறுக்கே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போடுகிறார்களே, அது இங்கிலாந்தில் பிறந்தது.

1934-ல் அந்த நாட்டின் போக்குவரத்து மந்திரியாக இருந்தவர் ஹோர் பெலிஷா. ஜனங்கள் கடக்கும் இடத்தைக் காட்ட, கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை வைக்கச் செய்தார். கம்பம் தெரிந்தது. ஆனால் தரையில் இருந்த அடையாளம் வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் சரியாகப் படவில்லை.

1949-ல் பட்டைகள் போட்டுச் சோதித்தார்கள். 1951-ல் அது சட்டம் ஆயிற்று. வரிக்குதிரையின் உடம்பைப் போல் இருந்ததால் வரிக்குதிரைக் கோடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிறகு உலகமெங்கும் பரவியது. கடலுக்கு அப்பால் இலங்கையில் உள்ள தமிழர்கள் இதைப் "பாதசாரிக் கடவை" என்று அழகாகச் சொல்லுகிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது?

போலீசாரோ சிக்னலோ இல்லாத கோட்டில் நடந்து போகிறவருக்கே முதல் உரிமை. 1989-ம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இது இருக்கிறது. 2017-ல் வந்த புதிய விதிகளும் இதையே சொல்லுகின்றன. கோட்டை நெருங்கும்போது வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆள் கடந்தால் நின்று வழிவிட வேண்டும். கோட்டின் மேல் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது.

எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள்?

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்து, பிரேக்கில் காலை வைக்கவே ஒரு விநாடி ஆகும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே 14 மீட்டர் போய்விடுகிறது! அதற்குப் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும்.

வேகம் 30 கிலோமீட்டர் என்றால், அந்த ஒரு விநாடியில் ஓடுவது 8 மீட்டருக்குச் சற்று மேல். 2020-ல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு, ஜனங்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் 30-க்கு மேல் வேகம் கூடாது என்று சொன்னது இதனால்தான்.

இனி நடப்பவரின் கணக்கு. வயதான பாட்டி விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 14 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க அவளுக்கு 14 விநாடி வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் ஏறக்குறைய 200 மீட்டர் ஓடிவிடும். பாட்டி கால் வைத்தபோது தூரத்தில் இருந்த வண்டி, அவள் நடுவில் இருக்கும்போது பக்கத்தில் வந்துவிடும்!

அகலமான சாலையின் நடுவில் ஒரு திட்டு வேண்டும் என்பது இதற்காகத்தான். பாதியைக் கடந்து, நின்று, மூச்சு வாங்கி, மறு பாதியைக் கடக்கலாம்.

ஐந்தில் ஒருவர்

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்! ஒரு நாளைக்கு 90 பேர்! இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு.

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில் 2025-ம் ஆண்டு கோர்ட்டு நடப்பவர்கள் பக்கம் கவனத்தைத் திருப்பியது. தடையில்லாத நடைபாதை, மனிதன் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று மே மாதம் சொன்னது. நாட்டின் 50 நகரங்களில் நடைபாதைகளையும் கடக்கும் இடங்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அக்டோபர் மாதம் உத்தரவிட்டது.

உப்பூருக்கு என்ன?

பெரிய நகரங்களுக்கு உத்தரவு வந்துவிட்டது. சிறிய ஊர்கள் என்ன செய்வது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உப்பூர் இருக்கிறது. வெயிலுகந்த விநாயகர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் ராமேசுவரத்துக்கும் போகிற யாத்ரீகர்கள் இங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையும்போது, அதுவே கடைத்தெருவும் ஆகிவிடுகிறது. தூரத்து ஊருக்குப் போகிற டிரைவருக்கு அது பெரிய ரோடு. பால் வாங்க வரும் பிள்ளைக்கு அது வீட்டு வாசல். இந்த இரண்டு எண்ணமும் மோதும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

கடலோரச் சாலையில் உள்ள எந்த ஊர் மக்களும் கிராம சபையில் இதைப் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபைக்கு உரியவை. "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கோடு வேண்டும், வேகம் குறைக்கப் பலகை வேண்டும், இரவில் விளக்கு வேண்டும்" என்று தீர்மானம் போட்டு, கலெக்டருக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அனுப்பலாம்.

கடைக்காரர்களையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு வண்டி எந்த நேரத்தில் வரலாம், வாடிக்கைக்காரர் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும். தெருவோரக் கடைக்கும் ஓர் இடம் ஒதுக்கினால் மீதிச் சண்டையும் குறையும். பாண்டி பஜார் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

வெள்ளைக் கோடு வெறும் சாயம். தானாக அது எந்த வண்டியையும் நிறுத்தாது. ஓட்டுகிறவர் பிரேக்கில் காலை வைத்தால்தான் அதற்கு உயிர் வரும். கார் வைத்திருப்பவரும் கதவைத் திறந்து இறங்கியவுடன் நடந்து போகிறவர்தானே! இன்றைக்கு நீங்கள் வழிவிடுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இன்னொருவர் வழிவிடுவார்.