இடருற்றார்க்கு உதவுவோர் கடமையும் காப்பும்

பிறர் துன்பங்கண்டு உள்ளம் இரங்குதல் மக்கட்கு இயல்பேயாம். ஆயினும் இரக்கம் வேறு, உதவி வேறு. பெருவழியில் வண்டியால் மோதுண்டு குருதி சோரக் கிடப்பானைச் சூழ்ந்து நிற்பார் பலராயினும், அணுகி உதவுவார் சிலரேயாவர். இதற்குப் பெரும்பாலும் காரணமாவது அச்சமேயன்றிக் கன்னெஞ்சன்று. அவ்வச்சம் இருவகைத்து. போலீசாரும் நீதிமன்றமும் தம்மை அலைக்கழிக்கும் என்பது ஒன்று. தமக்கும் ஊறு நேருமோ என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னையது சட்டம் அறியாமையால் வருவது. பின்னையதோ அறிவுடைமையால் வருவது. ஆதலின் முன்னையதை நீக்குதலும், பின்னையதை நெறிப்படுத்துதலும் வேண்டும்.

முதற்கண் சட்டத்தை நோக்குவாம். இடருற்றார்க்கு உதவாது செல்லும் வழிப்போக்கரையும் தண்டிக்கும் சட்டம் பிரான்சு, ஜெர்மனி முதலிய நாடுகளில் உண்டு. நம் நாட்டில் எல்லாரையும் அவ்வாறு கட்டாயப்படுத்தும் பொதுச்சட்டம் இல்லை. எனினும் கடமையுடையார் சிலர் உளர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி, விபத்தில் தொடர்புற்ற வண்டியின் ஓட்டுநர், கூட்டத்தாரின் சீற்றம் முதலிய தடைகள் இல்லாவிடத்து, காயமுற்றாரை அண்மையிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல ஆவன செய்தல் வேண்டும். எழுத்து முறைகளுக்காகக் காத்திராது உடனே மருத்துவம் செய்தல் மருத்துவர்க்கும் கடமையாம். ஊதியம் பெற்று ஆம்புலன்சு வண்டியில் பணிபுரிவார்க்கோ, உதவுதல் அவர்தம் தொழிலின்பாற்பட்ட கடமை.

மருத்துவர் கடமை உறுதிபெற்ற வரலாறு வருந்தத்தக்கது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் கார் மோதிக் காயமுற்றார். அவரை ஒருவர் அருகிலிருந்த மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார். வழக்குக்குரிய காயங்களை ஏற்கத் தமக்கு அதிகாரமில்லை என்று கூறி, அங்குள்ளார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினர். வழியிலேயே அவர் உயிர் நீங்கிற்று. இச்செய்தியைக் கொண்டு பரமானந்த கட்டாரா என்பார் தொடுத்த வழக்கில், அரசினர் மருத்துவராயினும் தனியாராயினும் உயிரைக் காத்தலே முதற்கடமை என 1989-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, தாமே முன்வந்து உதவுவாரைப் பற்றிக் காண்பாம். அவர்களைக் காக்க மத்திய அரசு வகுத்த நெறிகளை 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் யாவரையும் பிணிக்குமாறு செய்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 134-ஏ என்னும் பிரிவும் சட்டத்தில் இடம்பெற்றது. கைம்மாறு கருதாது நல்லெண்ணத்தோடு உதவிய ஒருவர், தம் கவனக்குறைவால் காயமுற்றார்க்கு ஏதேனும் தீங்கு நேர்ந்ததாயினும், அதன்பொருட்டு வழக்கிற்கு உட்படார் என்பது அதன் கருத்து. அவர்தம் பெயர், முகவரி முதலியவற்றைக் கூறுமாறு வற்புறுத்தலாகாது எனவும், இவ்வுரிமைகளை மருத்துவமனைகள் கண்கூடாக எழுதி வைத்தல் வேண்டும் எனவும் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சாட்சி சொல்லுதலும் அவர் விருப்பத்தைப் பொறுத்ததேயாம். ஆகவே முதல் அச்சத்திற்கு இனி இடமில்லை.

இச்சட்டம் அத்தகையோரை அழைக்கும் பெயர் 'நல்ல சமாரியன்' என்பது. அது லூக்கா சுவிசேஷத்துக் கதையினின்று பிறந்தது என்பதை யாவரும் அறிவர். எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றது ஏன்? கள்வர் இன்னும் அருகில் பதுங்கியிருப்பர் என அவர்கள் அஞ்சியிருக்கலாம் என்று மார்ட்டின் லூதர் கிங் 1968-ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் கூறினார். எனக்கு என்ன நேரும் என்று கேளாமல், நான் உதவாவிடில் இவனுக்கு என்ன நேரும் என்று கேட்டல் வேண்டும் என்பதே அவர் உட்கிடை. அது மெய்யே. ஆயினும் அவ்விடத்தின் இடரை ஆராய்தல் உதவியை மறுத்தலாகாது. உதவச் சென்றான் வீழின், காக்கப்பட வேண்டியவர் இருவராவர் அன்றோ?

எனவே அணுகுமுன் நின்று நோக்குக. சாலையாயின், பின்வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை செய்து, மோதிய வண்டியின் இயந்திரத்தை நிறுத்தி, பெட்ரோல் கசியுமிடத்தில் நெருப்பு நேராவண்ணம் காக்க. மின்கம்பி அறுந்து கிடப்பின், மின்னோட்டம் நிறுத்தப்பட்டதென்று உறுதியாகும்வரை அணுகற்க; நிலமும் மின்னேறியிருத்தல் கூடும். பாழ்ங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நச்சுக்காற்று நிற்கும். ஒருவனைத் தூக்க இறங்கியவனும், அவனைத் தூக்க இறங்கியவனும் அடுத்தடுத்து மாய்ந்த செய்திகள் பலவாம். ஆங்கு மூச்சுக்கருவியுடைய தீயணைப்புப் படையினரையே அழைத்தல் வேண்டும். நீரில் தத்தளிப்பானுக்குக் கயிறோ வேட்டியோ வீசுக. நீந்தும் பயிற்சி இல்லாதார் குதித்தல் தகாது.

இடம் அச்சமற்றதாயின், 108 அல்லது 112 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்லி, குருதி பெருகுமிடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க. கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருக்கலாம் ஆதலின், தீ முதலிய இடர் இல்லாவிடத்து அவரை இழுத்துப் புரட்டற்க. உணர்வற்றார் வாயில் நீர் வார்த்தலும் கூடாது. அது மூச்சுக்குழலிற் புகும்.

சமாரியன் தன்னால் இயன்றதைச் செய்தபின், சத்திரக்காரனிடம் ஒப்புவித்துத் தன் வழியே சென்றான். நாமும் கண்டதையும் செய்ததையும் ஆம்புலன்சு வண்டியினரிடம் தெளிவாகக் கூறி ஒப்புவித்தபின் செல்லலாம். சட்டம் நம்மைத் தடுப்பதில்லை. இவற்றை முன்னரே அறிந்து வைத்தல் கற்றார் கடனாம்; வீதியில் உயிர் ஊசலாடும்போது கற்க நேரமிராது.