சூட்டு வலியும் குடல்வாலும்

குறுவை நடவின்போது நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் அமர்ந்தால், தஞ்சைச் சிற்றூர்களில் பெரியவர்கள் 'சூட்டு வலி' என்பர். சீரகக் கஷாயமும் விளக்கெண்ணெயும் கொடுப்பர். பெரும்பாலும் அது பொய்வலிதான். சில வேளை அது குடல்வால் அழற்சி. கருவுற்ற காலத்தில், மகப்பேற்றைச் சாராத அறுவை நோய்களுள் இதுவே மிகுதி. ஏறக்குறைய 1,500 பேரில் ஒருவருக்கு வருகிறது.

அறிவதுதான் கடினம். குடல்வால் வலப்புற அடிவயிற்றில் இருப்பது. வளரும் கருப்பை அதை மேலே தள்ளுவதை 1932இல் அமெரிக்காவில் பேயரும் துணைவரும் எக்ஸ்-கதிர்ப் படங்களால் காட்டினர். எல்லோருக்கும் அவ்வாறு நகர்வதில்லை எனப் பின்னர்க் கண்டனர். எனினும் வலி விலாவின் கீழும் தோன்றலாம். குமட்டலையோ, 'மசக்கை' என்று ஒதுக்கிவிடுகிறோம்!

விளக்கெண்ணெய் குடலை முடுக்கும். வீங்கிய குடல்வால் கிழிந்து சீழ் வயிற்றினுள் பரவக்கூடும். கிழியுமுன் அறுத்தெடுத்தால் தாயும் சேயும் பிழைப்பது பெரும்பான்மை. கிழிந்தபின் சேயை இழக்கும் வாய்ப்புப் பன்மடங்கு. கத்திக்கு அஞ்சி நாள் கடத்துவதே கொடிது.

முன்னர் வயிற்றறுவை செய்துகொண்டவர்க்குக் குடலடைப்பும் நேரலாம்: வயிறு உப்பும், பச்சை வாந்தி வரும், காற்றுப் பிரியாது.

வலி விடாது நின்றால் 108ஐ அழையுங்கள். தஞ்சையில் மகப்பேற்றுக்கென இராசா மிராசுதார் மருத்துவமனை உண்டு. வழியில் உணவு வேண்டாம். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருத்தல் வேண்டும்.