ஆவடி டு ஆலம்பரை... ஐம்பதைத் தாண்டாத ஒரு ட்ரிப்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பசங்களுக்குக் கடல்னா மெரினாதான். லோக்கல் ட்ரெயின் பிடிச்சு சென்ட்ரல், அங்கேர்ந்து பஸ், கொஞ்சம் சுண்டல், இருட்டறதுக்குள்ள ரிட்டர்ன்! ஆனா, கையில பைக் வந்துட்டா எல்லாருக்கும் ஈ.சி.ஆர். ஜுரம். அங்கே போற பாதிப் பேர் கடலைப் பார்க்கிறதில்லை, ஸ்பீடாமீட்டரைத்தான் பார்க்கிறாங்க. எங்க செட்லயே ஒருத்தன் அப்படிப் பறந்து, தொடையில பிளேட் வெச்சு, ஒரு செமஸ்டரையே படுக்கையில ஓட்டினான். அதுக்கப்புறம் வண்டிச் சாவியைத் தொடவே இல்லை.

அவனையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு அவன் வீட்டுக்கு பர்மிஷன் கேட்கப் போனோம். அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், ''பின்னாடிதான் உட்காரணும். ஐம்பதைத் தாண்டினீங்கன்னா இந்த வாசப்படி ஏறாதீங்க தம்பி'' என்றார். ஓ.கே. சொல்லிட்டோம்!

பிப்ரவரி மாத சனிக்கிழமை, விடியற்காலை. மூணு பைக், ஆறு பேர், ரெண்டு டென்ட். நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி வண்டலூர், அப்படியே கேளம்பாக்கம், கோவளம். ஆவடிக்காரன் இந்த வழியில கடலைப் பார்க்கவே கிட்டத்தட்ட 60 கி.மீ. ஓட்டணும்!

முதல் ஸ்டாப் சாளுவன்குப்பம். புலிக்குகையில போட்டோ எடுத்துட்டுக் கிளம்பறவங்கதான் அதிகம். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்க. 2004 சுனாமி மணலை அரிச்சதுல ஒரு பாறைக் கல்வெட்டு தெரிய, தொல்லியல் துறை தோண்டினா... சங்க காலத்துச் செங்கல் முருகன் கோயில்! எத்தனையோ தடவை இந்த வழியா சர்ருனு போயிருக்கோம். ஒருத்தனுக்கும் தெரியாது.

மாமல்லபுரத்தைப் பற்றிப் புதுசா என்ன சொல்ல? குளிக்க இறங்காதீங்க, அலைக்கு அடியில இழுப்பு அதிகம். அவ்வளவுதான். சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரங்க கோட்டையையும் கல்லறைகளையும் பார்த்துட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி, சாயங்காலம் கடப்பாக்கம் வந்தோம். பக்கத்துலதான் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேக்குக் கிடைச்சு, பத்தே வருஷத்துல, 1760-ல் இங்கிலீஷ்காரங்க இடிச்சது. காயல் பக்கம் சரிஞ்சு கிடக்கிற செங்கல் சுவர்ல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வராது.

கோட்டைக்குள்ள டென்ட் போடக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம். மீனவர் குப்பத்துல கேட்டோம். வலை உலர்த்துற இடத்துக்குப் பக்கத்துல இடம் காட்டினார் ஒரு பெரியவர். நாங்க விறகு அடுக்கிட்டு இருக்கிறப்ப திரும்ப வந்து, ''நெருப்பு வேணாம் தம்பிகளா. டார்ச்சையும் அணைச்சிருங்க. ஆமை ஏர்ற மாசம்'' என்றார். ஜனவரியிலேர்ந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுமாம். வெளிச்சம் இருந்தா ஏறாம திரும்பிடும். பொரிஞ்சு வர்ற குஞ்சுகளோ கடல்னு நினைச்சு விளக்கை நோக்கி நடந்து செத்துப்போகும். சென்னையில 1988-லேர்ந்து காலேஜ் பசங்க ராத்திரி ராத்திரியா நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறாங்கன்னு பேப்பர்ல படிச்சிருக்கோம். அது நம்ம டென்ட் வாசல்லயும் நடக்கிற விஷயம்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

கேம்ப் ஃபயர் கேன்சல்! இருட்டுல பிரெட்டும் வாழைப்பழமும். ஆமை எதுவும் வரலை. ஆனா, அவ்வளவு நட்சத்திரத்தை அம்பத்தூர் மொட்டை மாடியில பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை மரக்காணம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெளேர்னு குவியல்கள். வண்டியை ஓரங்கட்டினோம். பிளேட் பார்ட்டி கொஞ்ச நேரம் உப்பையே பார்த்துட்டு, ''சாவியைக் குடு மாப்ள'' என்றான். யாரும் வாயைத் திறக்கலை. நான் பின்னாடி ஏறிக்கிட்டேன். மீட்டர் முப்பது... முப்பத்தஞ்சு... நாற்பதுல நின்னுச்சு. அவன் கை ரெண்டும் நடுங்கினது கண்ணாடியில தெரிஞ்சுது. ஆனா, கடப்பாக்கம் வரைக்கும் அவன்தான் ஓட்டினான்.

அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. இந்த வாரம் அவங்க வீட்டுக்கு புக் வாங்காம இருக்கணும்!