டியூட்டி பட்டியலில் புது நர்ஸ் எத்தனையாவது ஆள்?

நர்சிங் தேர்வு முடிவு வந்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவும் முடிந்த கையோடு, “இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேருங்கள்” என்று தனியார் மருத்துவமனைகள் ஆணை அனுப்பும் நேரம் இது. நாமக்கல் மாவட்டத்தின் ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்தி வேலூர் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வெவ்வேறு விதமாக வருகிறது. பெண்ணுக்கு ஈரோட்டிலோ கரூரிலோ வேலை கிடைத்திருக்கிறது. “முதல் மூன்று மாதம் பயிற்சிக் காலம்” என்று ஆணையில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா, இல்லை சம்பளத்தைக் குறைக்க அது ஒரு பெயரா? பயிற்சி என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடையாள அட்டை கொடுத்து, தீயணைப்புக் கருவியைக் காட்டி, கைகழுவும் முறையை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு அதைப் பயிற்சி என்று எழுதிவிடலாம். பார்க்க வேண்டியது டியூட்டி பட்டியலை. அதில் புது நர்ஸை ஓர் ஆளாக எண்ணியிருக்கிறார்களா, எண்ணிக்கைக்கு மேல் கூடுதல் ஆளாக வைத்திருக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆள் எண்ணிக்கைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவர் என்பது அது. கேட்கத் தாராளமாகத் தெரியும். ஆனால் இது மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்த கணக்கு. ஷிஃப்ட் வாரியாகப் பிரித்தால் 9 பேருக்கு ஒருவர், 15 பேருக்கு ஒருவர் என்று ஆகிவிடும். 30 படுக்கை உள்ள ஒரு சாதாரண வார்டுக்கு மொத்தம் 6 நர்ஸ், ஒரு ஷிஃப்டுக்கு இருவர். விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளவும் கவுன்சில் சொல்கிறது. செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பது அந்தக் கூடுதலில்தான். இப்போது, இரவு ஷிஃப்டில் இருக்கும் இருவரில் ஒருவர் போன வாரம் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். தாளில் அளவுகோல் சரியாக இருக்கிறது. வார்டிலோ, அனுபவமுள்ளவர் தன் 15 நோயாளிகளையும் கவனித்து, புதியவரின் 15 பேர் மீதும் ஒரு கண் வைத்து, அவர் கேட்கும் சந்தேகங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒருவரால் செய்ய முடியாது. இரண்டு முறை “அப்புறம் சொல்கிறேன்” என்ற பதில் கிடைத்த பிறகு மூன்றாவது முறை புதியவர் கேட்க மாட்டார். சீனியர் சிஸ்டர் நல்ல மனசுக்காரராக இருந்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் குறைவது நேரம்.

அந்தக் கேட்காத கேள்வி என்ன செய்யும் என்பதற்கு இன்சுலின் ஒன்று போதும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 10 அல்ல, 25 யூனிட். நோயாளி சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். எல்லா நர்சிங் மாணவியும் படித்த பாடம் இது. ஆனால் காலைச் சாப்பாடு வருவதற்குள் வரிசையாகச் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி, அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கவும் தயாராக வேண்டிய அந்த நேரத்தில், குப்பியையும் சிரிஞ்சையும் இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொல்லும் அரை நிமிடம்தான் பாதுகாப்பு. புதியவரைக் கூடுதல் ஆளாக வைத்தால் அந்த அரை நிமிடம் கிடைக்கும். தனி ஆளாக எண்ணினால் கிடைக்காது.

புது நர்ஸின் முதல் மாதங்களைப் பற்றிய கவலை உலகுக்குப் புதிதல்ல. கல்லூரியில் கற்ற நர்சிங்கும் வார்டில் நடக்கும் நர்சிங்கும் மோதும்போது புதியவர்கள் நிலைகுலைவதைப் பற்றி மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1974-லேயே ஒரு நூல் எழுதினார். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது என்று 2002-ல் லிண்டா ஐக்கனின் ஆய்வுக் குழு கண்டது. அந்த ஆய்வு புதியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்ததல்ல. ஆனாலும், முழு ஆளாக வேலை செய்ய முடியாதவரை முழு ஆளாக எண்ணுவது மற்றவர் மீது நோயாளிகளைக் கூட்டுவதே என்பதால் அதன் கணக்கு இங்கும் பொருந்தும். ஜப்பான் 2010 ஏப்ரலிலிருந்து புது நர்ஸுகளுக்குப் பயிற்சி அளிக்க முயல்வதை மருத்துவமனைகளின் சட்டக் கடமையாக்கியது. இங்கிலாந்தில் 2022-ல் வந்த தேசிய வழிகாட்டி, ஒவ்வொரு புதியவருக்கும் பெயர் சொல்லி ஒரு வழிகாட்டி நர்ஸ், அவருக்கென ஒதுக்கிய நேரம், ஆறு மாதத்துக்குக் குறையாத துணை என்று வகுத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கும் அது உண்டு. இங்கே முதல் மாதம் கிடைக்காத துணை, இதே பெண் அனுபவசாலியாகி அங்கே போன பிறகு கிடைக்கிறது. நம்மால் முடியாததும் அல்ல: வேலூர் சிஎம்சி-யில் நர்சிங் கல்லூரி ஆசிரியர்களுக்கே வார்டுப் பொறுப்பும் உண்டு என்பதால் கற்றுக்கொடுப்பவர் வார்டிலேயே இருக்கிறார்.

“கடைசி வருடம் இன்டர்ன்ஷிப் முடித்துத்தானே வருகிறார்கள்?” என்று நிர்வாகங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மாணவியாக இருந்தபோது அவர் போட்ட ஊசிக்கு வேறொருவர் பொறுப்பு. பதிவு எண் கிடைத்த மறுநாளிலிருந்து பொறுப்பு முழுவதும் அவருடையது. திறமை ஒரே இரவில் கூடுவதில்லை, சுமை மட்டும் கூடுகிறது. “மூன்று மாதம் செலவழித்துக் கற்றுக்கொடுத்தால் வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்களே” என்பது இதைவிடக் கனமான மறுப்பு. சிறிய மருத்துவமனைகளுக்கு அது உண்மையான இழப்பு. ஆனால் அதற்கு மருந்தாக அவர்கள் எழுதி வாங்கும் பாண்டு, ஆளை நிறுத்திவைக்குமே தவிர வேலையைக் கற்றுக்கொடுக்காது. பயந்துகொண்டே வேலை செய்து, பாண்டு முடியும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவர் அடுத்து வரும் புதியவருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பார்?

அரசு மருத்துவமனைகளில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்த ஒப்பந்த நர்ஸுகளுக்குத் தொடக்கத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். பிறகு 14,000, அதன் பிறகு 18,000. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட, சேலத்தில் போராட்டம் நடந்தது. பெருந்தொற்றின் நடுவே வேலை கற்று, அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் நிலைக்கு வந்தவர்கள் அவர்கள். அதே 2022-ன் ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. புதிய கட்டடமும் படுக்கை எண்ணிக்கையும் செய்தியாகின்றன. அந்தப் படுக்கைகளுக்கு நிரந்தர நர்ஸ் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சில் சொன்னால்தான் அறிவிப்பு முழுமையாகும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. சம்பளம்: உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது, அது பரிந்துரைதான், சட்டம் அல்ல. அசல் சான்றிதழ்: சரிபார்க்கக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். தொந்தரவு: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கு உள் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது, உறுப்பினர் யார் என்று கேளுங்கள்.

சேரும் தேதிக்கு முன் நேரில் போகிறவர்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: முதல் மாதப் பட்டியலில் என் பெயர் கூடுதல் ஆளாக இருக்குமா, நான் தனியாக இரவு டியூட்டி பார்க்க எத்தனை வாரம் ஆகும்? பதிலை ஆணையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில், சம்பளம் கொஞ்சம் அதிகம் என்றாலும், முதல் வேலையைத் தொடங்க வேண்டாம்.